காற்று வாங்குதல்

இந்த வண்டியை ஊரே ரொட்டி என்கிறது.
வெட்டாத ரொட்டியின் வடிவம், கிட்டத்தட்ட அதே நிறம்.
எனக்கு ஐந்து வயதிருக்கும்போது
ஏதோ ஒரு கூட்டுப்பண்ணைக்கென்று பூட்டி முடித்தது.

எஞ்சின் முன்னால் இல்லை, பின்னாலும் இல்லை.
எனக்கும் கென்ஜெபெக்குக்கும் நடுவே
தகரப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறது,
எங்கள் சண்டையில் எப்போதும் குறுக்கே பேசும்
மூன்றாவது ஆள்.
அதன் தலைமேல் கெண்டியை வைத்தால் தேநீர் ஆறாது.
ஜனவரியில் அது வரம்.
ஜூலையில் எனக்கு வலது கால் வேகும்,
அவருக்கு இடது.

சூசமிர் புல்வெளியிலிருந்து நான்கு பீப்பாய் குமிஸ்.
கணவாய் ஏறி, சுரங்கம் தாண்டி, காரா-பால்த்தா சந்தைக்கு.
போவதில் சிக்கலில்லை.
காலிப் பீப்பாய்களோடு திரும்பும்போதுதான்,
நாற்பது டிகிரிச் சமவெளி முடிந்து
மலை தொடங்கும் இடத்தில்
ரொட்டி இருமும்.
இரண்டாம் கியரில் பெருமூச்சு.
மூன்றாம் வளைவில் படுக்கை.

கிழடாகிவிட்டது, விற்றுவிடலாம் என்றார்.
நான் பெட்டியைத் திறந்து
கார்புரேட்டரின் வாயருகே கை வைத்துப் பார்த்தேன்.
அது குடிப்பது ரேடியேட்டர் துப்பிய சூட்டை.
அடுப்பங்கரைப் புகைபோக்கியில் முகத்தை வைத்துக்கொண்டு
மலை ஏறு என்றால்
யார்தான் ஏறுவார்?

அன்று சந்தையில் எங்கள் கடை காற்று வாங்கியது.
கடைக்குக் கிடைத்தது
வண்டிக்குக் கிடைத்திருக்கலாம்.

பழைய சாமான் விற்கும் ரிம்மாவிடம்
தூசி உறிஞ்சியின் குழாய் ஒன்று, இரண்டு மீட்டர்.
விலையில் பாதி பணம், பாதி குமிஸ்.
யார் வீட்டுக் கம்பளத்தைத் தின்று வளர்ந்ததோ,
உதறினால் இன்னும் ஒரு தும்மல் மிச்சம் இருந்தது.

வடிகட்டியின் மூக்கிலிருந்து தொடங்கினேன்.
பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை,
சக்கரத்துக்கு மேல் ஒரு வளைவு,
கம்பியால் இரண்டு கட்டு.
ரேடியேட்டரைத் தாண்டி முன்னே போக வேண்டும்,
அதுதான் எல்லாம்;
அதற்குப் பின்னால் எங்கே திறந்தாலும் வெந்த காற்று.
வலது விளக்குக்குப் பின்னே வாயை வைத்தேன்,
தரையைப் பார்த்தபடி,
மழை நேரே புகாமல்.
ஓடை கடக்கையில் தண்ணீர் குடிக்காத உயரம்.
வாய்க்குத் தேநீர் வடிகட்டி ஒன்று, வெட்டுக்கிளிகளுக்காக.
அந்த வடிகட்டியைப் பற்றி
வீட்டில் இன்னும் பேச்சு ஓயவில்லை.

அடுத்த வாரம் மூன்றாம் வளைவு வந்தது.
போனது.
நான்காவதில் ஒரு லாரியை முந்தினோம்.
கென்ஜெபெக் ஒன்றும் சொல்லவில்லை,
ஜன்னலுக்கு வெளியே கை நீட்டி
ஏதோ பிடிப்பதுபோல் விரல்களை மூடித் திறந்தார்.

இங்கேயே நிறுத்தியிருந்தால் கெட்டிக்காரி என்ற பெயர் நிலைத்திருக்கும்.

செப்டம்பர். சுரங்கத்துக்கு அரைக் கிலோமீட்டர்.
மூடுபனியும் தூறலும்.
ரொட்டி இரண்டு முறை விக்கி அணைந்தது.
பெட்டியைத் திறந்தால்
கார்புரேட்டரின் கழுத்தில் வெள்ளையாய் உறைபனி,
எஞ்சின் கொதிக்கிறது, தொண்டையில் பனிக்கட்டி.
ஈரக் குளிரை நேராய்க் கொண்டுவந்து ஊட்டியவள் நான்.
கோடை முழுக்கத் திட்டிய அந்தச் சூடுதான்
இத்தனை வருடம் இதைத் தடுத்து வந்திருக்கிறது.

அவர் கெண்டியை எடுத்தார்.
சர்க்கரை போட்டதா என்று கேட்டேன்.
போட்டதுதான்.
வெளிப்புறமாக, மெதுவாக, கழுத்தைச் சுற்றி ஊற்றினார்,
காய்ச்சல்காரக் குட்டியைக் குளிப்பாட்டுவதுபோல.

இப்போது குழாயின் நடுவே ஒரு ஜன்னல்:
பூட்ஸ் பாலிஷ் டப்பாவின் மூடி, ஒரு கீல்,
அவர் இருக்கைப் பக்கம் வரும் சைக்கிள் பிரேக் கம்பி.
இழுத்தால் வெளிக்காற்று அடையும், பெட்டிக்குள்ளிருக்கும் சூடு போகும்.
விட்டால் மலைக்காற்று.
எப்போது இழுப்பது என்பதில் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.
மேகத்தைப் பார் என்கிறேன் நான்.
வண்டியின் குரலைக் கேள் என்கிறார்.
பின்னால் ஒரு பீப்பாய் ஏப்பம் விடுகிறது.
கம்பி இப்போது பாதியில் நிற்கிறது.